டைமிங் பெல்ட் மாற்றக் கொடுத்தேன், கிராங்க் ஷாஃப்ட்டைக் கெடுத்துக் கொடுத்தார்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள், டைமிங் பெல்ட் மாற்றும் கெடு நெருங்கியவர்கள், இதை நிதானமாகப் படியுங்கள். பிஸ்டன்கள் சுற்றவைக்கும் இன்ஜினின் முக்கியத் தண்டுதான் கிராங்க் ஷாஃப்ட். அதன் சுழற்சியை, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் என்ற தண்டுக்குக் கொண்டுபோகும் பல் வைத்த பெல்ட்தான் டைமிங் பெல்ட். அதை மாற்றி நாலே மாதத்தில் என் கார் நடுரோட்டில் நின்றது. பெல்ட் அறுந்து நிற்கவில்லை. பெல்ட்டைக் கழற்றுவதற்காக அவிழ்த்த கிராங்க் புல்லி போல்ட்டை அவர்கள் ஒழுங்காகத் திருப்பி இறுக்காமல் விட்டதால் நின்றது. அதைவிடக் கோபம் வரவைப்பது, நடுவில் மூன்று முறை நான் போய்ச் சொல்லியும், மூன்று முறையும் சம்பந்தமே இல்லாத எதையோ மாற்றிப் பில் போட்டு அனுப்பியதுதான்.

என்னுடையது இரண்டு சீட்டர். நான்கு சிலிண்டர், இரட்டை கேம். எந்த கம்பெனி, எந்த மாடல் என்று எழுதவில்லை, ஏனென்றால் தப்பு காரில் இல்லை. வருஷத்துக்கு ரொம்பக் குறைவாகத்தான் ஓடும். கிலோமீட்டர் கணக்கில் பெல்ட்டுக்கு இன்னும் ஆயுள் இருந்தது, வயசுக் கணக்கில் எப்போதோ முடிந்துவிட்டது. பெல்ட் ரப்பர்தானே, கார் ஷெட்டில் சும்மா நின்றாலும் அது கிழடாகிக்கொண்டுதான் இருக்கும். அதனால் பெல்ட், டென்ஷனர் (பெல்ட்டை விறைப்பாக வைக்கும் உருளை), ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளை), வாட்டர் பம்ப், முன்பக்க ஆயில் சீல் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றச் சொன்னேன். வாட்டர் பம்பைத் தொட டைமிங் பெல்ட்டைக் கழற்றியே ஆக வேண்டும். ஒரே வேலையாக முடித்துவிடலாம் என்பதுதான் கணக்கு. பில்லில் ஐந்தும் வரிசையாக இருந்தன. "பழைய பார்ட்ஸ் எங்கே?" என்று கேட்டேன். பழைய பெல்ட்டை மட்டும் எடுத்துக் காட்டி, "மத்ததெல்லாம் குப்பைக்குப் போயிடுச்சு சார்" என்றார்கள். அப்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் நடந்தது புரியும். கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனையை மெக்கானிக்குகள் மூக்கு என்பார்கள். அதன் மேல் டைமிங் பெல்ட்டைச் சுற்றும் பல்சக்கரம், அதன் முன்னால் ஆல்டர்னேட்டர் பெல்ட் ஓடும் புல்லி. இரண்டையும் சேர்த்து மூக்கோடு அழுத்திப் பிடிப்பது நடுவில் இருக்கும் அந்த ஒரே போல்ட். பல்சக்கரத்துக்கும் மூக்குக்கும் நடுவே சின்னதாக ஓர் இரும்புத் துண்டு இருக்கும், அதுதான் கீ. சுமையைத் தாங்குவது கீ என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் கீயின் வேலை சக்கரத்தைச் சரியான கோணத்தில் உட்கார வைப்பது மட்டும். சுமையைத் தாங்குவது போல்ட் கொடுக்கும் அழுத்தம். சில இன்ஜின்களில் கீயே கிடையாது, அழுத்தம் மட்டும்தான்.

போல்ட் தளர்ந்தால் சுமை முழுக்க அந்தச் சின்னத் துண்டின் மேல் விழும். 6,000 ஆர்பிஎம் என்றால் கிராங்க் நொடிக்கு 100 சுற்று. நான்கு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, ஆக நொடிக்கு 200 அடி. அதுவும் ஒரே பக்கமாக விழாது. ஒவ்வொரு வெடிப்புக்கும் ஷாஃப்ட் நுணுக்கமாக முன்னும் பின்னும் முறுகும், கீ இரண்டு பக்கமும் அடி வாங்கும். கீ தேயும், அது உட்காரும் பள்ளம் அகலும், பல்சக்கரம் கிராங்கைவிடச் சில டிகிரி பின்தங்கும். கேம், வால்வு, என் காரில் இக்னிஷனும்கூட (பிளக்கில் தீப்பொறி விழும் நேரம்), எல்லாமே லேட்.

எனக்கு முதலில் தெரிந்தது சத்தம். இரண்டாவது மாதம், காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கீச். போய்க் காட்டினேன். ஆல்டர்னேட்டர் பெல்ட்டின் ஓரம் நூல்நூலாகப் பிரிந்திருந்தது. புது பெல்ட் போட்டு, பில் கொடுத்து, அனுப்பிவிட்டார்கள். நேராக ஓட வேண்டிய பெல்ட் ஏன் ஓரத்தில் தேய்கிறது என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. புல்லி ஆடினாலோ வரிசை விலகினாலோதான் அப்படித் தேயும். பானெட்டைத் திறந்து, ஐடிலில் ஓடவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

அடுத்து பிக்கப் போனது. மேட்டில் மூன்றாவது கியரில் இழுக்கிற வண்டி இரண்டாவது கேட்டது. பிளக், ஒயர் மாற்றினார்கள். திரும்பப் போனேன், இன்ஜெக்டர் சுத்தம் செய்தார்கள். டைமிங்கைப் பாருங்கள் என்று நானே சொன்னேன். டைமிங் லைட் (பிளக்கில் தீப்பொறி விழும் நொடியில் மின்னும் விளக்கு) அடித்து என்னையும் குனியச் சொல்லி, "பாருங்க சார், கோட்டுல பக்காவா நிக்குது" என்றார் சர்வீஸ் அட்வைசர். நின்றது உண்மைதான். ஆனால் அந்தக் கோடு இருப்பது புல்லியின் மேல். என் காரில் புல்லி பல்சக்கரத்தோடு பிணைக்கப்பட்டது, இக்னிஷன் சென்சார் கேமின் முனையில். பல்சக்கரம் கிராங்கிலிருந்து நழுவும்போது கோடு, கேம், சென்சார் மூன்றும் சேர்ந்தே நழுவும். லைட்டுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையில் ஒரு மெல்லிய குச்சியை விட்டு, கிராங்கைக் கையால் மெதுவாகத் திருப்பி, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்தால்தான் உண்மை வெளிவரும். இதைப் பிறகு இன்னொருவர் செய்து காட்டியபோதுதான் தெரிந்துகொண்டேன்.

நாலாவது மாதம் ஓட்டிக்கொண்டிருக்கும்போது பேட்டரி விளக்கு எரிந்தது, கூடவே டெம்பரேச்சர் முள் ஏறியது. என் காரில் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் ஒரே பெல்ட்தான் சுற்றும். இரண்டும் சேர்ந்து போனால் அந்த பெல்ட் கழன்றுவிட்டது என்று அர்த்தம், உடனே ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். நான் ஓரங்கட்டுவதற்குள் முன்னால் இரும்பு உருளும் சத்தம் கேட்டது, இன்ஜின் அணைந்தது. கட்டியிழுத்துக்கொண்டு அவர்களிடமே போனேன். கவரைக்கூடத் திறக்கவில்லை. "கிராங்க் போச்சு சார், பழைய வண்டி இல்லையா, வேற இன்ஜின்தான் போடணும்" என்றார்கள். எஸ்டிமேட் மட்டும் உடனே தயாரானது.

வண்டியை அங்கே விடாமல், பழைய இன்ஜின் வேலையிலேயே ஊறிய ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் அடித்தட்டைக் கழற்றினார். அதற்குள் அந்த போல்ட் கிடந்தது. தலையின் ஆறு முனையும் மழுங்கி, ஓரமெல்லாம் சிராய்ப்பு. கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "இம்பேக்ட் கன்லயே ஏத்தியிருக்காங்க தம்பி, டார்க் ரெஞ்ச் இதுமேல படவே இல்ல" என்றார். இம்பேக்ட் கன் அடித்து அடித்து இறுக்கும் மெஷின், டார்க் ரெஞ்ச் அளவு பார்த்து இறுக்கும் ஸ்பேனர். கவரைத் திறந்தோம். கீ பாதியாக வெட்டுப்பட்டிருந்தது. மூக்கில் இருந்த பள்ளத்தின் ஒரு சுவர் உள்வாங்கியிருந்தது, விரல் நகத்தை வைத்தால் மாட்டியது. டென்ஷனரைச் சுற்றினால் கரகரவென்று கேட்டது. வாட்டர் பம்பின் அடியில் பல வருஷத்துக் கூலன்ட் கசிவு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. பில்லில் இருந்த ஐந்தில் புதுசு பெல்ட் ஒன்றுதான்.

வால்வுகள் தப்பித்தது இன்ஜினின் வடிவமைப்பால். இதில் டைமிங் தவறினாலும் பிஸ்டன் வால்வை முட்டாது. போர்ஷே 944 போன்ற காரில் இதே நடந்திருந்தால் வால்வுகள் வளைந்து, அவை இருக்கும் சிலிண்டர் ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும். உங்கள் இன்ஜின் முட்டும் வகையா, முட்டாத வகையா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். முட்டும் வகை என்றால், அறிகுறி தெரிந்த பிறகு வீடுவரை ஓட்டிப் போய்விடலாம் என்றுகூட நினைக்காதீர்கள்.

மூக்கையே எடுத்துக்கொண்டால், மஸ்டா எம்எக்ஸ்-5 முதல் தலைமுறை 1.6 வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1990 மாடல், 1991 மாடலின் ஆரம்ப வண்டிகளில் மூக்கு சிறியது, போல்ட் விஷயத்தில் சின்னப் பிழையையும் தாங்காது. 1991-லேயே பெரிய மூக்குக்கு மாற்றிவிட்டார்கள். முன்னால் குனிந்து புல்லியின் நடுப்பகுதியைப் பார்த்தால் நான்கு வெட்டு இருப்பது சிறிய மூக்கு, எட்டு இருப்பது பெரியது. இரண்டுக்கும் போல்ட் இறுக்கும் அளவு வேறு வேறு.

இன்ஜினை மாற்றாமலே என் கார் பிழைத்தது. பள்ளம் முழுதும் சிதையாததால், பெரியவர் மூக்கை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, புதுக் கீ, புதுப் பல்சக்கரம் வைத்து, இடைவெளியை லோக்டைட் 660 என்ற உலோகத்துக்கான பசை கொண்டு நிரப்பி, புது போல்ட் போட்டு சர்வீஸ் மேனுவல் அளவுக்கு இறுக்கினார். ஒரு நாள் முழுக்க ஸ்டார்ட் செய்யவிடவில்லை. லேசான தேய்மானத்துக்குத்தான் இந்த வைத்தியம். பள்ளம் இன்னும் அகன்றிருந்தால் கிராங்கை வெளியே எடுத்தே ஆக வேண்டும் என்றார்.

நீங்கள் வேலை கொடுக்கும்போது, புல்லி போல்ட் புதுசா பழசா என்று முதலில் கேளுங்கள். பல இன்ஜின்களில் அது இறுக்கும்போது நீளும் வகை, ஒருமுறை கழற்றினால் திரும்பப் போடக்கூடாது. எத்தனை நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்க வேண்டும், அதற்குமேல் எத்தனை டிகிரி திருப்ப வேண்டும் என்று மேனுவலைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இறுக்கி முடித்ததும் போல்ட் தலையிலிருந்து புல்லி வரை பெயின்டால் ஒரு கோடு போட்டு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள், போல்ட் அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். நடுவில் ரப்பர் வளையம் உள்ள புல்லி என்றால், உள்வளையத்திலும் வெளிவளையத்திலும் நேர்நேராகப் புள்ளி வையுங்கள். புள்ளிகள் விலகினால் ரப்பர் விட்டுவிட்டது, வெளிவளையம் நகர்ந்து டைமிங் கவரை அறுக்கும் முன் மாற்றிவிடுங்கள். அந்த மாதிரி புல்லியைக் கழற்றிவிட்டு எடை குறைந்த அலுமினியப் புல்லி போட்டால் வண்டி பறக்கும் என்று என்னிடமும் சொன்னார்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். கிராங்கின் முறுக்கு அதிர்வை விழுங்கத்தான் அந்த ரப்பர் இருக்கிறது. பழைய பார்ட்ஸ் ஒவ்வொன்றையும் டிக்கியில் போட்டுத் தரச் சொல்லுங்கள், எண்ணிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

போட்டோக்கள், அந்த போல்ட், பில் மூன்றையும் எடுத்துக்கொண்டு முதல் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். டென்ஷனர், பம்ப், ஐட்லர், சீல் நான்கும் "பில் போடும்போது நடந்த தவறு" என்று அந்தப் பணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். கிராங்க் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்றார்கள். அதை எழுத்தில் கேட்டேன், தர மறுத்துவிட்டார்கள். பெரியவரின் அறிக்கையை இணைத்து எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறேன். வண்டி இப்போது 1,500 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை டார்ச் அடித்துப் பார்த்தேன், போல்ட்டின் மேல் போட்ட மஞ்சள் பெயின்ட் கோடு உடையாமல் நேராக இருக்கிறது.