சிட்டுவின் புது இன்சுலின்: ஏழு மாதம் கழித்து

பக்கத்துத் தெருத் தோழி நேற்று கேட்டாள்: "என் நாய்க்கும் சிட்டுவோட புது மருந்தையே மாத்திடட்டுமா?" வாசலில் நின்று இரண்டு வார்த்தையில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

சிட்டு சர்க்கரை நோயுள்ள எங்கள் நாய்; ஒன்பது வயது ஸ்பிட்ஸ், எடை ஒன்பது கிலோ. முதலில் போட்டது மனிதர்களுக்கான என்.பி.எச். இன்சுலின், காலை ஏழு, இரவு ஏழு. பன்னிரண்டு மணி நேரம் தாங்க வேண்டிய மருந்து அவள் உடம்பில் எட்டு மணி நேரம்கூட நிற்கவில்லை. மூன்று மணிக்கே தண்ணீர்க் கிண்ணத்தை நக்கிக் காலி செய்துவிட்டு என்னைப் பார்ப்பாள். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் குடித்தாள். டாக்டர் ஒரு நாள் முழுக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, காது ஓரத்தில் குத்திச் சர்க்கரை பார்த்துவிட்டு கிளார்ஜின் என்ற, நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினுக்கு மாற்றினார்.

மருந்தைப் பற்றி ஒரு குறையும் இல்லை. மூன்றாவது வாரமே தண்ணீர் அரை லிட்டருக்கு வந்துவிட்டது. ராத்திரி கதவைப் பிறாண்டி எங்களை எழுப்புவது நின்றது. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்த இடத்தில் மறுபடி சதை பிடித்திருக்கிறது. கண்ணில் விழுந்த புரை மட்டும் அப்படியேதான் இருக்கிறது. அதற்கு எந்த இன்சுலினிலும் வழியில்லை.

என் கோபமெல்லாம் அந்த மருந்து அடைத்து வரும் ஊசிப் பேனா மேல்தான். பட்டனை அழுத்திவிட்டு ஊசியைப் பத்து நொடி உள்ளேயே வைத்திருக்க வேண்டும். ஸ்பிட்ஸின் அடர்ந்த ரோமத்துக்குள் தோலைக் கூடாரமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பத்து எண்ணிப் பாருங்கள். ஏழாவது எண்ணில் உடம்பை ஒரு உலுக்கு உலுக்குவாள். மருந்து உள்ளே போனதா, ரோமத்தில் போனதா? தண்ணீர் மாதிரி தெளிவான மருந்து, கண்ணுக்குத் தெரியாது. குனிந்து முகர்ந்து பார்க்கிறேன். பேண்டேஜைப் பிரித்தால் வருமே, அந்த மருந்து வாடை வந்தால் வெளியே போயிருக்கிறது. சரி, இன்னொரு ஊசி போடலாமா என்றால் கூடாது. எவ்வளவு உள்ளே போனதென்று தெரியாமல் மறுபடி போட்டால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். அடுத்த வேளை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று: ஒவ்வொரு தடவையும் இரண்டு யூனிட்டை வெளியே விட்டுச் சோதிக்க வேண்டும். சிட்டுவுக்குப் போவது நாலு, வீணாவது இரண்டு. மூன்றில் ஒரு பங்கு காற்றுக்கு! 300 யூனிட் பேனா இருபத்தைந்தே நாளில் தீர்ந்துவிடுகிறது. நாலரை யூனிட் வைக்கவும் இந்தப் பேனாவில் வழி கிடையாது. நாலு இல்லையென்றால் ஐந்து. எழுபது கிலோ மனிதருக்கு ஒரு யூனிட் பெரிதில்லை, ஒன்பது கிலோ நாய்க்கு அது ஒரு வேளை மருந்தில் கால் பங்கு.

குப்பியில் வாங்கிச் சிரிஞ்சில் போடலாமே என்பீர்கள். வாங்கினேன். எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் சர்க்கரை. அவருடையது ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பி, சிவப்பு மூடிச் சிரிஞ்சு. சிட்டுவுடையது 100, ஆரஞ்சு மூடி. நான் ஊரில் இல்லாத ஒரு நாள் அப்பா சிவப்பு மூடியை எடுத்து, சிட்டுவின் மருந்தை நாலாவது கோடு வரை உறிஞ்சிவிட்டார். கோடு நாலு, உள்ளே இருந்தது பத்து யூனிட். தற்செயலாக அம்மா பார்த்தார். அந்தக் குப்பி இப்போது வீட்டில் இல்லை.

தோழிக்கு என் பதில்: உன் நாய்க்குப் பழைய மருந்து சாயங்காலம் வரை தாங்குகிறதென்றால் மாற்றாதே. இல்லையென்றால், அவனுக்கும் காதில் குத்தி ஒரு நாள் கணக்கை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போ. அப்புறம் முடிவு செய்.

இன்று காலை முகர்ந்து பார்த்தேன். வாடை இல்லை.