வேய்ந்த கூரையா, கல் ஓடா?

இங்கிலாந்தில் பழைய எஸ்டேட் குடில் (பெரிய பண்ணை முதலாளி தன் ஆட்களுக்காகக் கட்டிய சிறு வீடு) வாங்கப் போகிறவர்கள் திணறுவது கூரையில்தான். பிரிஸ்டல் நகரில் பிளெய்ஸ் ஹாம்லெட் என்ற சிறு குடியிருப்பில் இரண்டு வகையும் உண்டு. 1811 வாக்கில் கட்டடக் கலைஞர் ஜான் நாஷ் வடிவமைத்த 9 குடில்கள்.

ஆயுள்: நாணல் வேய்ந்த கூரை 25–40 ஆண்டு, முகட்டை மட்டும் 10–15 ஆண்டுக்கொருமுறை வேய வேண்டும். கல் ஓடு நூறாண்டு தாண்டும், ஆணிதான் முதலில் துருப்பிடிக்கும்.

செலவு: நாணலுக்குத் தீ காப்பீடு அதிகம். ஓடு கனம், உத்தரம் உளுத்திருந்தால் தொலைந்தோம்.

வசதி: நாணல் குளிருக்கு இதம். ஆனால் பெரும்பாலும் மழைக்குழாய் இருக்காது, இறவாரச் சொட்டு வாசலில் நிற்பவர் தலையில்தான்.

வார இறுதிக்கு மட்டும் போவீர்களா? ஓடு. அங்கேயே குடியிருந்து, தீப்பொறி கூரையில் பற்றாமல் புகைபோக்கியை ஒழுங்காகச் சுத்தம் செய்வீர்கள் என்றால் நாணல். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். பாரம்பரியச் சின்னமாகப் பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் கூரையை மாற்ற அனுமதி வேண்டும்.