லண்டனில் அறை தேடுகிறவர்களுக்கு: “லைசென்ஸ் இருக்கிறது” என்றால் எத்தனை பேருக்கு, யார் பெயரில் என்று கேளுங்கள்

படிக்க லண்டன் வரப்போகிற தம்பி தங்கைகளுக்கும், அவர்களுக்குப் பணம் அனுப்பப்போகிற அம்மா அப்பாக்களுக்கும் இதை எழுதுகிறேன். 2022 செப்டம்பரில் ஈஸ்ட் ஹாமில் ஓர் அறை எடுத்து ஏழு மாதம் இருந்தேன். சட்டம் என் பக்கம் இருந்தது, தீர்ப்பும் எனக்குச் சாதகமாக வந்தது. இருந்தும் இன்றுவரை ஒரு பவுண்டுகூட என் கைக்கு வரவில்லை. அது எப்படி நடந்தது என்று விவரமாகச் சொன்னால் உங்களில் ஒருவராவது தப்பிக்கலாம் என்ற எண்ணத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் இருந்தபோதே ஒரு வாட்ஸ்அப் குழு வழியாக அறையைப் பேசி முடித்தேன். பேசியவர் தமிழர், நல்ல மரியாதையாகப் பேசினார். மாதம் 550 பவுண்டு. கேஸ், மின்சாரம், இன்டர்நெட் எல்லாம் அதற்குள் அடக்கம். மேனர் பார்க் முருகன் கோயிலுக்கு நடந்தே போகலாம் என்றார். அப்பாவிடமும் பேசினார், “உங்கள் பெண் எனக்குத் தங்கச்சி மாதிரி” என்றார். அப்பா அந்த வார்த்தையில் கரைந்துவிட்டார்.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்த ஒரு சீனியர் அக்கா என்னை எச்சரித்திருந்தார்: “பலர் பகிர்ந்து இருக்கும் வீட்டுக்கு எச்.எம்.ஓ. லைசென்ஸ் வேண்டும், கேட்டு வாங்கிப் பார்.” கேட்டேன். “லைசென்ஸ் இருக்கிறது தங்கச்சி” என்று சொல்லி உடனே ஒரு பி.டி.எஃப். அனுப்பினார். மேலே கவுன்சில் (அந்தப் பகுதியின் உள்ளாட்சி) முத்திரை, கீழே வீட்டின் சரியான முகவரி. முதல் பக்கத்தோடு மூடிவிட்டேன். அங்கேதான் ஏமாந்தேன்.

அந்தக் காகிதம் போலி அல்ல. ஈஸ்ட் ஹாம் இருப்பது நியூஹாம் பகுதியில். 2013 ஜனவரி 1 முதல் தனியார் வாடகை வீடுகளுக்குப் பகுதி முழுக்க உரிமம் கட்டாயம் என்று இங்கிலாந்திலேயே முதலில் கொண்டுவந்தது அந்தக் கவுன்சில்தான். அதனால் இங்கே ஒரு வீட்டுக்கு ஏதோ ஓர் உரிமம் இருப்பது அதிசயமில்லை. அது எந்த வகை உரிமம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரே குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவதற்கு ஒரு வகை. உறவில்லாத பலர் சமையலறையையும் குளியலறையையும் பகிர்ந்துகொள்ளும் வீட்டுக்கு வேறு வகை, அதுதான் எச்.எம்.ஓ. உரிமம். எனக்கு வந்த பி.டி.எஃப்.பின் இரண்டாம் பக்கத்தில் “ஒரு குடும்பம் மட்டும்” என்று தெளிவாகவே இருந்தது. ஐந்து மாதம் கழித்துத்தான் அதைப் படித்தேன்.

அந்த வீட்டில் நாங்கள் ஒன்பது பேர். மூன்று படுக்கையறை வீட்டின் கூடத்தையும் சாப்பாட்டு அறையையும் அறைகளாக்கி, கூரைக்கு அடியில் இருந்த லாஃப்டை இரண்டாகத் தடுத்து, மொத்தம் ஏழு அறைகள். 2004-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின்படி, ஒரே குடும்பத்தைச் சேராத ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வசதிகளைப் பகிர்ந்து வாழும் வீட்டுக்கு இங்கிலாந்து முழுவதும் எச்.எம்.ஓ. உரிமம் கட்டாயம். முன்பு மூன்று மாடி இருந்தால்தான் கட்டாயம் என்று இருந்தது. 2018 அக்டோபர் 1 முதல் மாடிக் கணக்கை நீக்கிவிட்டார்கள். மூன்று, நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கும் உரிமம் வேண்டும் என்று விதி வைத்திருக்கும் கவுன்சில்கள் உண்டு. ஆகவே நீங்கள் போகிற இடத்துக் கவுன்சிலின் இணையதளத்தைப் பாருங்கள். உரிமம் பெற்ற வீடுகளின் பதிவேட்டைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பது கவுன்சிலின் சட்டக் கடமை. முகவரியைத் தட்டினால் போதும், ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை.

என் அறை லாஃப்டில். கட்டிலில் எழுந்து உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும். அம்மா என் பெட்டியில் போட்டுக் கொடுத்திருந்த தையல் டேப்பை எடுத்து ஒருநாள் அளந்தேன். நீளம் 3.1 மீட்டர், அகலம் 2.4. பெருக்கினால் 7.44 சதுர மீட்டர். பத்து வயதுக்கு மேற்பட்ட ஒருவர் தூங்கும் அறைக்குக் குறைந்தது 6.51 சதுர மீட்டர் வேண்டும், இருவருக்கு 10.22. பரவாயில்லை, தேறிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் கூரை ஒன்றரை மீட்டருக்குக் கீழே சரியும் இடத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அதே விதி சொல்கிறது. சுவரோரம் 60 சென்டிமீட்டர் அப்படிச் சரிந்திருந்தது. அதைக் கழித்தால் மிஞ்சுவது 5.58. சட்டத்தின் கண்ணில் அது ஆள் தூங்கத் தகுதியில்லாத அறை. அதற்குத்தான் அப்பா மாதாமாதம் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஜனவரி மாதம் ஓர் இரவு, பதினொன்றரை மணி இருக்கும். கீழ் அறையில் இருந்த ஒருவர் அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்துவிட்டு போன் பேசப் போய்விட்டார். புகை மூன்று மாடிக்கும் ஏறி, என் அறைக் கதவின் அடியில் நுழைந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அலாரம் ஒன்றும் அடிக்கவில்லை. ஓடி இறங்கினால் படியில் சைக்கிள், சூட்கேஸ்கள், யாரோ கழற்றி வைத்த கட்டில் சட்டம். வாசல் கதவு உள்ளே சாவி போட்டுப் பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று தெரியவில்லை. இருட்டில் இருமிக்கொண்டே ஒவ்வொரு அறைக் கதவாகத் தட்டினோம். சாவி கிடைக்க எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அதற்குள் ஒருவர் ஈரத் துண்டைப் போட்டுச் சட்டியை மூடிவிட்டதால் உயிர் பிழைத்தோம்.

மறுநாள் சமையலறைக் கூரையைப் பார்த்தேன். அலாரத்துக்குக் குளியல் தொப்பி மாட்டியிருந்தது. தாளிக்கும்போதெல்லாம் கத்துகிறது என்று எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் மாட்டியதாம். கழற்றினால் உள்ளே பேட்டரியே இல்லை. சமையலறையில் வைக்க வேண்டியது வெப்பத்தை உணரும் அலாரம். புகை அலாரத்தை வைத்தால் இப்படித்தான் ஆகும் என்பதைப் பின்னால் வந்த அதிகாரி விளக்கினார். வாசல் கதவும் உள்ளேயிருந்து சாவி இல்லாமல் திருகித் திறக்கும்படி இருக்க வேண்டும். வீட்டை நிர்வகிப்பவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லோர் கண்ணிலும் படும்படி சுவரில் ஒட்டியிருக்க வேண்டும் என்பதும் 2006-ஆம் ஆண்டு விதி. அறை பார்க்கப் போகும்போது முதலில் வாசல் பூட்டையும் அந்தச் சுவரையும் பாருங்கள். இரண்டு மாதம் கழித்து, 2023 மார்ச்சில், ஷாட்வெல்லில் பதினெட்டுப் பேராவது நெருக்கியடித்துத் தங்கியிருந்த ஒரு சிறிய ஃபிளாட்டில் மின்சைக்கிள் பேட்டரி தீப்பிடித்து ஒருவர் இறந்துபோனார். அந்தச் செய்தியை நான் முழுதாகப் படிக்கவில்லை. கை நடுங்கியது.

“அண்ணா, அலாரமாவது மாற்றிக் கொடுங்கள்” என்று கேட்டேன். “பார்க்கிறேன் தங்கச்சி” என்றார். மூன்று வாரம் பார்த்தேன். பிறகு கவுன்சிலுக்குப் புகார் எழுதப்போகிறேன் என்று சொன்னதும் குரல் மாறியது. “நீ மாணவர் விசாவில் இருக்கிறாய். கவுன்சில், கோர்ட்டு என்று போனால் விசாவில் சிக்கல் வரும்.” இரண்டு இரவு தூங்கவில்லை. தயவுசெய்து இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: உரிமம் வாங்க வேண்டியது வீடு விடுபவரின் கடமை, வாங்காதது அவருடைய குற்றம். உரிமமில்லாத வீட்டில் குடியிருந்ததற்காக வாடகைதாரர் மேல் வழக்கில்லை. என் விசாவை யாரும் தொடவில்லை.

பிப்ரவரி கடைசியில் கவுன்சில் அதிகாரி வந்து கட்டில்களை எண்ணினார், படம் எடுத்தார். மார்ச் 2-ஆம் தேதி வீடு விட்டவர்கள் அவசர அவசரமாக எச்.எம்.ஓ. உரிமத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டார்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முறையாக விண்ணப்பித்த நாளோடு உரிமமின்றி நடத்திய குற்றம் நின்றுவிடும். அதற்கு முந்தைய காலத்துக்குத்தான் நாம் வாடகையைத் திருப்பிக் கேட்க முடியும். பின்னால் அந்த விண்ணப்பத்தை அவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன்.

அடுத்து, ஒரு வாரத்தில் காலி செய் என்று குறுஞ்செய்தி. நான் கையெழுத்திட்டது வாடகை ஒப்பந்தமே அல்ல, வெறும் “தங்க அனுமதி” என்று வாதம். தலைப்பில் என்ன எழுதியிருந்தாலும், பூட்டித் திறக்கத் தனி அறை, குறிப்பிட்ட காலம், வாடகை மூன்றும் இருந்தால் அது வாடகை உரிமைதான் என்று அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1985-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எச்.எம்.ஓ. உரிமமும் அதற்கான விண்ணப்பமும் இல்லாத காலத்தில், அன்றைய சட்டப்படி காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸும் செல்லாது. வீட்டுப் பிரச்சினைகளுக்கு உதவும் ஷெல்ட்டர் அமைப்பின் உதவி எண்ணில் பேசிய அம்மையார் இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார். ஆனாலும் பரீட்சை நேரத்தில் அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. ஏப்ரலில் ஒரு தோழியின் அறைக்குப் போய்விட்டேன்.

வாடகையைத் திருப்பித் தரும் உத்தரவு கேட்டுத் தீர்ப்பாயத்தில் விண்ணப்பித்தேன். அன்றைய சட்டப்படி குற்றம் நடந்த பன்னிரண்டு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. விண்ணப்பத்துக்கு 100, விசாரணைக்கு 200 பவுண்டு கட்டினேன். வக்கீல் இல்லாமல் நானே பேசினேன். அப்போதுதான் நான் யாரிடம் குடியிருந்தேன் என்பதே எனக்குத் தெரிந்தது. வீடு “அண்ணன்” உடையது அல்ல. நிலப் பதிவேட்டில் அப்போது 3 பவுண்டு கட்டி எடுத்துப் பார்த்தால் உரிமையாளர் வேறொருவர். அவரிடமிருந்து ஒரு சிறு நிறுவனம் வீட்டை மொத்தமாக வாடகைக்கு எடுத்து, துண்டு துண்டாக எங்களுக்கு விட்டிருக்கிறது. என் ஒப்பந்தத்தில் இருந்தது அந்த நிறுவனத்தின் பெயர். வீட்டை வைத்திருக்கும் உரிமையாளரிடம் கேட்கலாமே என்றால், அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், 2023 மார்ச் 1 அன்று, ராக்குசன் – ஜெப்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மூடியிருந்தது: உத்தரவை நேரடியாக நமக்கு வாடகைக்கு விட்டவர் மேல் மட்டுமே போட முடியும், அவருக்கு மேலே இருப்பவர் மேல் போட முடியாது. 2025-இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் மேலே இருப்பவரையும் பொறுப்பாளியாக்கி, உச்ச வரம்பையும் பன்னிரண்டு மாத வாடகையிலிருந்து இருபத்து நான்கு மாதமாக உயர்த்துகிறது. எனக்கு அது உதவாது.

ஆறு மாத வாடகை கேட்டேன். முதல் மாத 550 பவுண்டை ரொக்கமாகக் கொடுத்திருந்தேன், ரசீது இல்லை. அதை ஏற்கவில்லை. ஆதாரம் இல்லாத என் வாய்ச்சொல் அங்கே எடுபடவில்லை. மீதி ஐந்து மாதத்துக்கு 2,750. அதில் கேஸ், மின்சாரம் முதலியவற்றுக்கு 400 கழித்து, மிஞ்சியதில் எழுபது விழுக்காடு: 1,645 பவுண்டு. கட்டணம் 300-ஐயும் சேர்த்துத் தரச் சொல்லி உத்தரவு. அன்று மாலை அப்பாவுக்குப் போன் செய்து அழுதேன், சந்தோஷத்தில்.

நிறுவனம் பணம் தரவில்லை. எழுதினேன், பதில் இல்லை. பிறகு நிறுவனப் பதிவேட்டை (கம்பெனீஸ் ஹவுஸ்) பார்த்தால் அது கலைக்கப்பட்டிருந்தது. கலைக்கப்போவதாக அறிவிப்பு வந்து குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் இருக்கும்; பணம் வரவேண்டியவர்கள் அதற்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அந்தப் பதிவேட்டில் ஒரு நிறுவனத்தை “பின்தொடர்” என்று அழுத்திவைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இலவசமாக மின்னஞ்சல் வரும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் நிறுவனப் பெயர் இருந்தால் கையெழுத்திடும் முன்பே அங்கே தேடுங்கள். எப்போது தொடங்கியது, இயக்குநர் யார், தாக்கல் செய்த கணக்கு என்ன சொல்கிறது, எல்லாம் இலவசமாகத் தெரியும். நான் கையெழுத்திட்டபோது, எனக்கு அறை விட்ட நிறுவனம் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

டெபாசிட்டும் அதோடு போயிற்று. இரண்டு மாத வாடகை, 1,100 பவுண்டு. ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கவே கூடாது என்று 2019-லிருந்து சட்டம் இருக்கிறது. என் வாடகைக்கு அது 634 பவுண்டுதான். வாங்கியதை முப்பது நாளுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் போட்டு விவரம் தர வேண்டும். அந்த விவரம் கைக்கு வரவில்லையென்றால் முப்பத்தொன்றாம் நாளே கேளுங்கள். அண்ணன், தம்பி, ஊர்க்காரர் என்று பார்க்காதீர்கள். என்னிடம் அந்த உறவுச் சொல்லைக் காட்டித்தான் ரொக்கமாக வாங்கினார்.

போன வாரம் வேறொரு வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறையின் படம் வந்தது. சரிந்த கூரை, சிறிய ஜன்னல், ஜன்னல் சட்டத்தில் நான் இஸ்திரிப் பெட்டியைத் தெரியாமல் வைத்துக் கருகிய முக்கோணத் தழும்பு. 725 பவுண்டு, தமிழ்ப் பெண்களுக்கு முன்னுரிமை. பதிவேட்டில் முகவரியைத் தட்டிப் பார்த்தேன். எச்.எம்.ஓ. உரிமம் இன்னும் இல்லை. அந்தப் படத்தையும் பழைய உத்தரவையும் சேர்த்து அன்றே கவுன்சிலுக்கு அனுப்பிவிட்டேன். ஈஸ்ட் ஹாமில் லாஃப்ட் அறை ஒன்றுக்கு முன்பணம் கேட்டு உங்களிடம் யாராவது பேசியிருந்தால், பணம் கட்டும் முன் தெருப் பெயரை எனக்குத் தனியே அனுப்புங்கள். அதே வீடா என்று சொல்கிறேன்.