அமெரிக்கன் உட்டர்னர் பழைய இதழ்கள் பிடிஎஃப்ல: நம்ம மாதிரி சின்ன லேத் வெச்சிருக்கிறவங்களுக்கு காசுக்கு வொர்த்தா?

மரக்கடைசல் பழக ஆரம்பிச்சவங்க நிறைய பேர் கேக்குறாங்க, டாலர்ல காசு கட்டி ஏஏடபிள்யூங்கிற அமெரிக்க மரக்கடைசல் சங்கத்துல மெம்பர்ஷிப் எடுக்கலாமா, யூடியூப்ல தான் எல்லாமே சும்மா கெடக்கேன்னு. எடுக்கலாம்னு தான் நான் சொல்லுவேன். ஆனா ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வர்ற புது இதழுக்காக இல்ல, பழைய இதழுங்களுக்காக, அதுலயும் ரொம்பப் பழசுக்காக.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். அமெரிக்கன் அசோசியேஷன் ஆஃப் உட்டர்னர்ஸ் 1986ல ஆரம்பிச்ச சங்கம், ஆபீஸ் மின்னசோட்டா மாநிலம் செயின்ட் பால்ல இருக்கு, முதல் தலைவர் டேவிட் எல்ஸ்வொர்த். அவங்க பத்திரிகை தான் அமெரிக்கன் உட்டர்னர், அதுவும் 1986லயே தொடங்கினது, முன்னாடி வருஷத்துக்கு 4 இதழ், இப்ப 6. மெம்பர் ஆயிட்டா ஆரம்பத்துல இருந்து வந்த இதழெல்லாம் ஆன்லைன்ல படிக்கலாம், தலைப்பு போட்டுத் தேடலாம்.

இப்ப ஏன் பழசுன்னு சொல்றேன். புது இதழைத் திறந்தா ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டூல் இருக்கு, கார்பைடு டிப் வெச்ச உளி, உளி தீட்டுற சிபிஎன் சக்கரம், கலத்தோட உள்பக்கம் குடையுற ஹாலோயிங் ரிக், எல்லாமே அருமையான சாமான் தான், ஆனா கஸ்டம்ஸ் கட்டி இங்க வந்து சேர்றதுக்குள்ள லேத் விலையவே தாண்டிடும். 1980கள் கடைசில அமெரிக்காவுலயும் பல பேருக்கு இதே நெலமை தான். இன்னைக்கு எல்லார் லேத்துலயும் மாட்டியிருக்கிற, கட்டைய நாலு தாடையால கவ்விப் பிடிக்கிற ஃபோர் ஜா சக் அப்ப தான் மெல்ல மெல்ல பரவிட்டு இருந்துச்சு. அதனால அந்த ஆளுங்க கையில இருக்கிறத வெச்சு எப்படி செய்யலாம்னு யோசிச்சு எழுதியிருக்காங்க, மரத்துலயே சக் கடைஞ்சுக்கிறது, இரும்புக் கம்பில ஹாலோயிங் டூல் பண்ணிக்கிறது, பழைய ஸ்கேட் வீல் போட்டு, கட்டை ஆடாம தாங்குற ஸ்டெடி ரெஸ்ட் பண்றதுன்னு. லேத் மட்டும் வாங்கிட்டு மத்ததுக்கு காசில்லாம உக்காந்திருக்கிறவனுக்கு இந்தப் பக்கங்கள் தான் சோறு போடும்.

ஒரு உதாரணம், அந்தக் காலத்து டர்னர்கள் கிண்ணம் கடைய சக் இல்லாம செஞ்ச பேப்பர் ஜாயின்ட். கிண்ணத்துக்கான கட்டையோட அடிப்பக்கத்த தட்டையா எடுத்துட்டு, ஒரு வேஸ்ட் கட்டை எடுத்து நடுவுல பிரவுன் பேப்பர் வெச்சு வெள்ளை ஃபெவிகால் போட்டு கிளாம்ப் பண்ணி ஒரு ராத்திரி விட்டுடணும். மறுநாள் ஃபேஸ்பிளேட்ட, அதாவது லேத்துல மாட்டுற வட்டத் தட்ட, வேஸ்ட் கட்டையில தான் ஸ்க்ரூ பண்ணணும், அப்ப கிண்ணத்துல ஒரு ஓட்டை கூட விழாது. கடைஞ்சு முடிச்சதும் பேப்பர் கோட்டுல உளிய வெச்சு லேசா ஒரு தட்டு தட்டினா பேப்பர் நடுவாந்திரத்துல பிரிஞ்சு கிண்ணம் தனியா வந்துரும், ஒட்டிட்டு இருக்கிற மிச்சத்த தேச்சு எடுத்துட்டா போதும். மரம் நல்லா காஞ்சிருக்கணும், சின்ன சைஸா இருக்கணும், அது ரெண்டும் முக்கியம், ஈரக்கட்டையில இத நம்பி ஓட்டாதீங்க.

அடுத்து பச்சை மரம். எனக்கு இந்த ஆர்க்கைவ் மேல பெரிய மரியாதை வந்ததே இந்த ஒரு விஷயத்தால தான். கிண்ணம் ஏன் வெடிக்குதுன்னு ஒரு வீடியோ பாத்தா ஒரே பதில் வரும். இங்க வருஷ வாரியா படிச்சா ஒரே பிரச்சனைய பல பேர் பல வழில முட்டி மோதினது தெரியும். ஒருத்தர் சுவரை விட்டத்துல பத்துல ஒரு பங்கு தடிமனுக்கு, அதாவது 10 இஞ்ச் கிண்ணத்துக்கு 1 இஞ்ச், முரட்டாக் கடைஞ்சு பேப்பர் பையில போட்டு மாசக்கணக்குல விடச் சொல்வார், ஒருத்தர் கொதிக்க வைக்கச் சொல்வார், ஒருத்தர் ஆல்கஹால்ல ஊறப்போடச் சொல்வார், எட் மோல்ட்ராப் மாதிரி பெரிய உருண்டைக் கலம் கடைஞ்சவங்க பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) கரைசல்ல ஊறப்போட்டாங்க. இதுக்கெல்லாம் அடியில இருக்கிற காரணம் ஒண்ணு தான், மரத்தோட ஈரம் கிட்டத்தட்ட 30 சதவீதத்துக்குக் கீழ எறங்கும்போது தான் அது சுருங்க ஆரம்பிக்குது, வளையத்தோட போக்குல சுருங்குறது ஆரத்தோட போக்குல சுருங்குறத விட ஏறத்தாழ ரெண்டு மடங்கு, அதனால வட்டக் கிண்ணம் முட்டை வடிவமாகும், வெட்டு முகத்துல ஈரம் வேகமா போறதால அங்க தான் முதல்ல வெடிக்கும். இது புரிஞ்சிருச்சுன்னா பூவரசோ வேம்போ மாங்கட்டையோ, எத எடுத்தாலும் நீங்களே முடிவு பண்ணிக்கலாம். அவங்க சொல்ற மாசக்கணக்க மட்டும் அப்படியே எடுத்துக்காதீங்க, அது குளிர் தேசத்துக் கணக்கு, சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் அது பொருந்தாது.

படங்களப் பத்தி ஒரு வார்த்தை. ஆரம்ப இதழ்கள் கருப்பு வெள்ளை தான். எனக்கு அது பிடிச்சிருக்கு, மரத்தோட கலர், ரேகைன்னு கண்ணு அலையாம கிண்ணத்தோட வளைவு மட்டும் பளிச்சுன்னு தெரியும், எந்த எடத்துல கோடு தடுமாறுதுன்னு கூட பிடிச்சிடலாம். கலர் படத்துல அது ஈஸியா மறைஞ்சு போகும்.

அளவெல்லாம் இஞ்ச்ல இருக்கு, நம்ம ஆசாரிங்க கிட்ட நூல் கணக்குல பழகினவங்களுக்கு கஷ்டமே இல்ல, கால் இஞ்ச்னா 2 நூல், முடிஞ்சது. ஆனா ரெண்டு எடத்துல உஷாரா இருங்க. லேத்த சொந்தமா செய்யுற கட்டுரைகள்ல புல்லி கணக்கு 1725 ஆர்பிஎம் மோட்டாருக்குப் போட்டிருப்பாங்க, அது 60 ஹெர்ட்ஸ் கரன்ட்டுக்கு, நம்ம 50 ஹெர்ட்ஸ்ல அதே 4 போல் மோட்டார் 1440 பக்கம் தான் சுத்தும், அதனால புல்லி சைஸ திரும்பக் கணக்கு போடணும். அப்புறம் லேத்தோட சுத்துற தண்டுல, அதாவது ஸ்பிண்டில்ல இருக்கிற மரை, அங்க 1 இஞ்ச் விட்டம், இஞ்சுக்கு 8 மரை (8 டிபிஐ) சகஜம், உங்க லேத் வேற மரையா இருக்கலாம், அளந்து பாத்துட்டு ஃபேஸ்பிளேட் செய்யுங்க.

எந்தக் கட்டுரையா இருந்தாலும் மேல போட்டிருக்கிற வருஷத்த முதல்ல பாருங்க. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும்னு, உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு நிறுவனமான ஐஏஆர்சி, முதல் பிரிவுல சேத்ததே 1995ல தான், அதுக்கு முன்னாடி எழுதினவங்க மாஸ்க் பத்தி அவ்வளவா பேசலன்னா நீங்களும் போடாம நிக்கக்கூடாது. பழைய அரத்த தீட்டி ஸ்க்ரேப்பர், அதாவது சுரண்டுற உளி, பண்றதும் அந்தக் காலத்துப் பழக்கம், அரம் கண்ணாடி மாதிரி பட்டுனு உடையும், அத தயவுசெஞ்சு செய்யாதீங்க. வேகத்துக்கு விட்டத்த இஞ்ச்ல எடுத்து ஆர்பிஎம்மோட பெருக்கினா 6000ல இருந்து 9000க்குள்ள வரணும்ங்கிற கணக்கு இன்னைக்கும் செல்லும், 10 இஞ்ச் கிண்ணம்னா 600ல இருந்து 900. கட்டை கோணலா இருந்தா அதுக்கும் கீழ தொடங்குங்க.

டிவிடில போட்டு விக்கிற பழைய இதழ் தொகுப்புகள் வேற சிலதும் மார்க்கெட்ல சுத்துது. அதுல தனி வியூவர் சாஃப்ட்வேர் வேணும்னு போட்டிருந்தா வாங்காதீங்க, இன்னைக்கு விண்டோஸ்ல அது ஓடும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. சாதாரண பிடிஎஃப்பா இருந்தா மட்டும் யோசிக்கலாம்.

யாருக்கு வேணாம்னா, போன வாரம் லேத் வாங்கி இன்னும் கவுஜ் (குழி உளி) பிடிக்கவே வராதவங்களுக்கு. கை அசைவ பக்கத்துல பாத்து தான் கத்துக்கணும், முடிஞ்சா ஒரு கடைசல் பட்டறையில போய் நில்லுங்க, அம்பாசமுத்திரம் பக்கம் இருக்கிறவங்களுக்கு சொப்பு சாமான் கடையுறவங்க இருக்காங்க, அது பெரிய கொடுப்பினை. உளி மரத்துல ஒழுங்கா உக்கார ஆரம்பிச்சதுக்கப்புறம் ஒரு வருஷம் மெம்பர்ஷிப் எடுத்துட்டு 1986ல இருந்து வரிசையா படிங்க, டிப்ஸ் பக்கத்த எந்த இதழ்லயும் தாண்டிடாதீங்க.

பிரிண்ட் எடுக்கும்போது ஒண்ணு கவனிங்க, அவங்க பேப்பர் எட்டரைக்கு 11 இஞ்ச், நம்மது ஏ4. ஃபிட் டு பேஜ்னு விட்டா கிட்டத்தட்ட 3 சதவீதம் சின்னதாயிடும், முழு அளவு டெம்ப்ளேட்டா இருந்தா மூடி டப்பால உக்காராது, அதனால ஆக்சுவல் சைஸ்னு போட்டு எடுங்க, ஓரத்துல கொஞ்சம் வெட்டுப்பட்டா பரவால்ல.