வீடு மாற்ற ஆப்பில் வண்டி பிடிக்கிறீர்களா? கடைசிப் பெட்டி இறங்கும்வரை அந்த நாலு இலக்க எண்ணைச் சொல்லாதீர்கள்!

ஒன்றரை மாத வாடகை. முழுசாகப் போய்விட்டது. புது வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை, சாமான் ஏற்றி வந்த ஒருவனிடமும் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கிடமும் பிரித்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வயிறு எரிகிறது. அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன், வார்த்தை முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேக்கர்ஸ் ஆட்கள் இல்லாமல் தானே வீடு மாற்றலாம் என்று நினைக்கிறவர்கள் கட்டாயம் படியுங்கள். கடைசியில் சாமான் கட்டுவதற்கான யோசனைகளையும் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாங்களே கட்டியதில் எந்தக் குறையும் இல்லை. புத்தகங்களைச் சின்னப் பெட்டிகளில், துணிமணியைச் சூட்கேஸ்களில், கட்டில் ஸ்க்ரூக்களை ஒரு கவரில் போட்டு அந்தக் கட்டில் பலகையிலேயே ஒட்டி, டிவிக்குப் பின்னால் எந்த வயர் எதில் போகிறது என்று போட்டோ எடுத்து, ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் எந்த அறைக்குப் போக வேண்டும் என்று எழுதி (மேலே எழுதினால் அடுக்கியதும் தெரியாது), எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அபார்ட்மென்ட் அசோசியேஷனில் முன்கூட்டியே சொல்லி லிஃப்ட் நேரம் வாங்கியாயிற்று. சாவியைச் சாயங்காலத்துக்குள் வீட்டு ஓனரிடம் கொடுத்தாக வேண்டும். வேண்டியது ஒரு வண்டியும், ஏற்றி இறக்க ஆட்களும்தான்.

அதற்குத்தான் அந்த ஆப். பெயர் போடவில்லை. புகார் நடக்கிறது. சரக்கு வண்டி பிடித்துக் கொடுக்கிற ஆப் என்பது போதும், பயணத்துக்குக் கார் பிடிக்கிற அதே முறைதான். 'மூடிய வண்டி, ஏற்றி இறக்க இரண்டு ஆள், மறைமுகக் கட்டணம் கிடையாது' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். முழுத் தொகையையும் கார்டில் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள்.

வந்த வண்டியின் நம்பர் வேறு. ஆளும் இரண்டு இல்லை, டிரைவரோடு ஒரே ஒரு பையன். கேட்டதற்கு, "அந்த வண்டி சர்வீஸுக்குப் போயிருக்குக்கா, ரெண்டும் ஒரே ஓனர்துதான். இன்னொரு பையன் இறக்குற எடத்துக்கு நேரா வந்துருவான்" என்றான். உடனே ஆப்பில் உதவிக்கு எழுதினேன். 'உங்கள் ஓட்டுநர் வந்துவிட்டார்' என்று பதில் வந்தது. அது எனக்குத் தெரியாதா?

ஆனால் அந்த டிரைவர் இருந்த விதம் இருக்கிறதே, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தான். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரைச் சிங்க்கில் கொண்டுபோய் வைத்தான். மாமியாரின் பழைய கண்ணாடி பீரோவைப் பார்த்ததும், "இத சும்மா ஏத்தக்கூடாதுக்கா, கண்ணாடிப் பக்கம் மெத்துனு ஏதாச்சும் வேணும்" என்று சொல்லி, வண்டியிலிருந்து தன் சொந்தப் போர்வையை எடுத்து வந்து சுற்றிக் கயிறு கட்டினான். ஃப்ரிட்ஜை நிறுத்தின வாக்கிலேயே ஏற்றினார்கள். நான் வாயைத் திறக்கும் முன்பே, "படுக்க வெச்சா கம்ப்ரஸர் போயிரும், எனக்குத் தெரியும்க்கா" என்றான். தெரிந்தவன்தான் பிறகு அதையே செய்தான் என்பதுதான் என்னை இப்போதும் தூங்க விடாமல் செய்கிறது. என் கணவர் என் பக்கம் திரும்பி, "நல்ல பையனா கெடச்சிருக்கான்" என்றார். நானும் தலையாட்டினேன்.

எல்லாம் ஏற்றிக் கதவைப் பூட்டியதும், "அக்கா, இப்ப ஒரு நாலு நம்பர் வந்திருக்கும் பாருங்க, அதச் சொல்லுங்க. போட்டாதான் ட்ரிப் ஸ்டார்ட் ஆகும்" என்றான். வந்த புதிதில் ஒரு எண் கேட்டிருந்தான். அது வருகைக்கு, இது கிளம்புவதற்கு என்றான். மெசேஜில் 'உங்கள் பயணக் குறியீடு' என்பதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. சொன்னேன். அவன் போனில் தட்டிக்கொண்டு, "வீட்ல பாப்போம்க்கா" என்று சிரித்துவிட்டுப் போனான்.

அது பயணத்தை முடிக்கிற எண்!

சாமான் கதவுக்குள் பூட்டியிருக்கும்போதே, அந்த ஆப்பின் கணக்கில் எங்கள் சாமான் இறங்கி முடிந்துவிட்டது. அவன் தன் கைக்காசுக்கு வேறு சவாரி எடுக்கலாம். எடுத்தும் இருக்கிறான்.

நாங்கள் புது வீட்டு வாசலில் காத்துக் கிடந்தோம். மேப்பில் வண்டி தெரியவே இல்லை, பயணம்தான் முடிந்துவிட்டதே. போன் போட்டால் "டிராஃபிக்க்கா, இதோ வந்துட்டேன்". இருட்டப் போகிற நேரத்தில் வந்தான். கேட்டுக்கு நேரே நிறுத்தவில்லை, தெருவில் நாலு வீடு தள்ளி நிறுத்தினான். இறங்கினான். பூட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மடித்த ஒரு காகிதத்தை நீட்டினான். பேனாவில் எழுதிய பட்டியல். வெயிட்டிங். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், பீரோ ஒவ்வொன்றுக்கும் 'ஹெவி ஐட்டம்' என்று தனித்தனித் தொகை. மாடி ஏற்ற. 'சுமை கூடுதல்' என்று ஒன்று, அது என்ன என்று இன்றுவரை புரியவில்லை. கூட்டினால் சரியாக ஒரு மாத வாடகை.

குரல் மாறவே இல்லை. அதே அக்காதான். "நான் கட்டாயப்படுத்தலக்கா. வேணாம்னா வண்டிய ஷெட்ல கொண்டுபோய் நிறுத்திடறேன், நீங்க கம்பெனில பேசிட்டு வந்து எடுத்துக்குங்க. அங்க நாள் வாடகை, அத மட்டும் பாத்துக்குங்க."

மாமியாரின் மாத்திரைப் பெட்டி அந்த வண்டிக்குள். பையனின் பள்ளிப்பை உள்ளே. படுக்க ஒரு பாய்கூட வெளியே இல்லை. ஆப்பின் உதவி எண்ணுக்கு அடித்தேன். பதிவு செய்த குரல்: உங்கள் பயணம் வெற்றிகரமாக நிறைவடைந்தது, உங்கள் ஓட்டுநருக்கு எத்தனை நட்சத்திரம் தருகிறீர்கள்? மனிதக் குரலைப் பிடிக்க எந்த எண்ணை அழுத்தினாலும் சுற்றி அதே இடத்துக்கு வந்து நின்றது. அவன் எதிரிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவசரமே இல்லை அவனுக்கு.

கொடுத்தோம். ஒரு மாத வாடகை. அதையும் அவன் பெயரில் இல்லாத ஏதோ ஒரு எண்ணுக்கு அனுப்பச் சொன்னான்.

கதவைத் திறந்தால், நாங்கள் அடுக்கின அடுக்கே இல்லை. பெட்டிகளை எல்லாம் ஒரு பக்கம் நெருக்கி மேலே மேலே ஏற்றியிருக்கிறார்கள். தரையில் சிமெண்ட் தூள். எங்களுடையதே இல்லாத ஒரு சாக்கு மூலையில் கிடந்தது, அதைப் பையன் சட்டென்று கேபினுக்கு எடுத்துப் போனான். எங்கள் ஃப்ரிட்ஜ் மல்லாந்து கிடக்கிறது, அதன் கதவு மேல் இரண்டு புத்தகப் பெட்டி. நடுவில் யாருடைய சரக்கையோ ஏற்றி இறக்கிவிட்டு வந்திருக்கிறான். கேட்டால், "பிரேக் போட்டதுல சாஞ்சிருக்கும்க்கா". பிரேக் போட்டால் புத்தகப் பெட்டி தானாக ஏறி உட்காருமா? வருவதாகச் சொன்ன இன்னொரு பையன் வரவே இல்லை. மாடி ஏற்றக் காசு வாங்கினவன் எல்லாவற்றையும் தெருவில் இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினான். நாங்கள்தான் இருட்டில் தூக்கினோம்.

ஃப்ரிட்ஜைப் படுக்க வைத்தால் கம்ப்ரஸரில் இருக்கிற எண்ணெய் குளிரூட்டும் குழாய்களுக்குள் ஓடிவிடும். நிமிர்த்தி வைத்து அது திரும்ப இறங்கும்வரை ஸ்விட்ச் போடக்கூடாது. தெரியும். முழுசாக 24 மணி நேரம் நிறுத்தி வைத்துத்தான் போட்டோம். உறுமியது, குளிரவில்லை. மெக்கானிக் வந்து பார்த்து, கம்ப்ரஸர் மாற்ற வேண்டும் என்றார். அரை மாத வாடகை. ஆக, ஒன்றரை.

இனி அந்தக் கம்பெனியின் கூத்து. சாட்டில் எழுதினால், 'உங்களுக்கு ஏற்பட்ட அனுபவத்துக்கு வருந்துகிறோம்' என்று ஒரு வரி, பிறகு புகார் 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்படுகிறது. யார் தீர்த்தது? திரும்பத் திறந்தால் வேறொரு பெயரில் ஒருவர் வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்கிறார். ஒருவழியாகப் பேசக் கிடைத்த பெண், பாவம், மரியாதையாகத்தான் பேசினாள். "மேம், கோட் ஷேர் பண்ணியிருக்கீங்க. அப்படின்னா டெலிவரிய நீங்க ஏத்துக்கிட்டீங்கன்னு அர்த்தம்." கூடுதலாக வாங்கிய பணத்துக்கு? "அது ஆப்புக்கு வெளில நடந்தது மேம்." வேறு நம்பர் வண்டி வந்ததே? "அந்த நம்பர்ல எங்ககிட்ட வண்டியே இல்ல மேம்." அப்படியானால் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது என்ன, ஆவியா? வாடிக்கையாளரையும் ஓட்டுநரையும் இணைக்கிற தளம் மட்டும்தானாம் அவர்கள். காசு வாங்கும்போது இணைப்பு, கேள்வி கேட்டால் கைவிரிப்பு.

சரக்குக் காப்பீடு என்று தனியாக ஒரு தொகை பிடித்திருந்தார்களே என்று கேட்டேன். வாடிக்கையாளரே கட்டிய பெட்டிகளுக்கு அது பொருந்தாதாம். ஃப்ரிட்ஜ் பெட்டியா? அதற்குப் பதில் வரவில்லை. பதிலுக்கு அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடிக் கூப்பன் வந்தது. நிஜமாகவே வந்தது. வெந்த புண்ணில் வேல்.

டிரைவரின் எண் முதலில் ஸ்விட்ச் ஆஃப், பிறகு வேறு யாரோ எடுத்து ராங் நம்பர் என்கிறார். காவல் நிலையத்தில், "நீங்களாத்தானே அனுப்பியிருக்கீங்க" என்றுதான் ஆரம்பித்தார்கள். சாமானைப் பூட்டி வைத்துக்கொண்டு வாங்கியது எப்படி நானாகக் கொடுத்ததாகும் என்று நின்று பேசின பிறகுதான் மனுவை வாங்கிக்கொண்டார்கள். பேங்கில், கார்டில் கட்டிய முதல் தொகைக்கு மட்டும் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கச் சொல்லி ஃபாரம் தந்தார்கள். அந்த ஒரு மாத வாடகை நேரடியாக அனுப்பிய பணம் என்பதால் கார்டு ஆட்சேபத்தில் சேராது என்றார்கள்.

'ஏன் எண்ணைச் சொன்னாய்?' என்று எழுதப்போகிறவர்களுக்கு: ஆரம்பிக்கிற எண்ணும் முடிக்கிற எண்ணும் பார்க்க ஒரே மாதிரி, ஒரே வாசகத்தில் வருகிறது. எது எதற்கு என்று எங்கேயும் போடவில்லை. தெரிந்தேதான் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று நான் சொல்வேன். அதை மாற்ற ஒரே ஒரு வரி போதும்.

சாமான் கட்டும் யோசனைகள் எழுதுவதாகச் சொன்னேன். மன்னிக்கவும், இப்போது அதற்கு மனசு இல்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஆப்பில் காட்டிய நம்பர் இல்லாத வண்டியில் ஒரு கரண்டியைக்கூட ஏற்றாதீர்கள், நம்பர் பிளேட்டையும் வண்டியின் உள்பக்கத்தையும் போட்டோ எடுங்கள். இரண்டாவதாக வரும் எண்ணைக் கடைசிப் பெட்டி வீட்டுக்குள் வந்த பிறகுதான் சொல்ல வேண்டும், அவன் என்ன காரணம் சொன்னாலும். வண்டிக் கதவுக்கு உங்கள் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் வீட்டு ஆள் ஒருவர் அதே வண்டியில் ஏறிப் போகட்டும். மாத்திரை, பத்திரம், பிள்ளைகளின் பை, ஒரு ராத்திரிக்கான துணி இவை உங்கள் கையோடு. முன்புறம் திறக்கிற வாஷிங் மெஷின் இருந்தால், வாங்கும்போது கூட வந்த, டிரம் ஆடாமல் பிடிக்கிற போல்ட்டுகளைத் தேடி எடுத்து மாட்டிவிட்டு ஏற்றுங்கள், எங்களுடையது அதனால்தான் தப்பித்தது.

கூடுதல் காசு கேட்டால் அந்தக் காகிதத்தை விடாதீர்கள். அவன் கையெழுத்தில் எழுதிய பட்டியல் என்னிடம் இருக்கிறது, நுகர்வோர் புகாரில் அதைத்தான் முதல் பக்கமாக இணைத்திருக்கிறேன்.