நேர்கோட்டைக் காட்டிப் பணம் பறிக்கும் ‘ஸ்பீக்கர் டியூனிங்’: வேலூர்க்காரர்கள் கவனத்திற்கு

வீட்டு ஸ்பீக்கர்களை அறைக்கேற்ப டியூன் செய்து தருவதாகச் சொல்லிக்கொண்டு வருபவர்களிடம் முன்பணம் கொடுக்கும் முன், சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் நடந்ததைப் படித்துவிடுங்கள்.

வந்தவரிடம் அளவீட்டு மைக் இல்லை. கைப்பேசியைச் சோபாவின் கைப்பிடியில் சாய்த்து வைத்து, 20 ஹெர்ட்ஸ் என்ற மிகத் தாழ்ந்த சுருதியிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் என்ற மிக உயர்ந்த சுருதி வரை ஒவ்வொன்றும் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்று திரையில் காட்டும் கோடு மட்டமாகும் வரை, ஒவ்வொரு சுருதியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரை ஏற்றினார். பிறகு பாட்டைப் போட்டால், வயலின் ஊசியாகக் குத்தியது. கேட்டதற்கு, “போகப் போகக் காது பழகிடும் சார்” என்றார்.

பழகாது. நல்ல ஸ்பீக்கரின் தாழ்ந்த சுருதி ஒலி எல்லாத் திசைகளிலும் பரவி, சுவர்களில் பட்டுத் திரும்பி வலுப்பெறுகிறது. உயர்ந்த சுருதி ஒலியோ பெரும்பாலும் முன்னோக்கியே செல்கிறது. எனவே உட்காரும் இடத்தில் அளந்தால் கோடு வலப்பக்கம் சரிந்து இறங்குவதுதான் இயல்பு. 1974இல் டென்மார்க்கின் புருயெல் அண்ட் கேர் நிறுவனம் முன்வைத்த இலக்கு வளைவும் (கோடு எப்படி அமைய வேண்டும் என்ற மாதிரி) அப்படித்தான் சரிகிறது. அதை மட்டமாக்குவது உயர்ந்த சுருதிகளை ஒலிக்கும் ட்வீட்டரைக் கத்தவிடுவதற்குச் சமம்.

அதைவிட மோசம் பேஸில், அதாவது தாழ்ந்த சுருதிகளில் செய்த வேலை. எங்கள் கூடம் 16 அடி நீளம், கிரானைட் தரை, கான்கிரீட் கூரை. சோபா சரியாக நடுவில். அந்த நீளத்துக்கு 35 ஹெர்ட்ஸ் அருகே நடுவில் ஒலி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அந்தப் பள்ளத்தை நிரப்ப 10 டெசிபல் கூட்டிவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு, ஸ்பீக்கருக்கு மின்திறன் தரும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) 10 மடங்கு மின்திறன் தர வேண்டும். அப்படித் தந்தாலும் பள்ளம் நிரம்பாது, சோபாவை நகர்த்தினால்தான் தீரும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் அடி விழுந்தபோதெல்லாம், தாழ்ந்த சுருதிகளை ஒலிக்கும் வூஃபர் ‘டப்’பென்று அடித்துக்கொண்டது, இப்போது ஒரு பக்கம் கரகரக்கிறது.

கிராஃபைக் கேட்டபோது அவர் அனுப்பியது, மேடுபள்ளமெல்லாம் மழுப்பித் தேய்த்த படம். மழுப்பாத படத்தையும், மைக்கின் அளவுப் பிழையைச் சரிசெய்யும் திருத்தக் கோப்பையும், எந்த இலக்கு வளைவு, ஏன் என்பதையும் வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள். பதில் வராவிட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆர்இடபிள்யூ (ரூம் ஈக்யூ விஸார்ட்) என்ற அறை ஒலியை அளக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. இந்த அளவீட்டை நீங்களே செய்யலாம்.

இப்போது சோபாவைப் பின்னுக்குத் தள்ளி, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மேடுகளை மட்டும் குறைத்து, மேலே எதையும் தொடாமல் விட்டிருக்கிறேன். வூஃபருக்கான செலவைக் கேட்டால், ஆம்ப்தான் பழுது என்கிறார் அந்த மனிதர்; கொடுத்த பணத்துக்கு ரசீதும் இதுவரை வரவில்லை.