எஸ்எஃப்-400 சமையலறைத் தராசு: எடை குறைக்க நினைக்கும் வீட்டுக்குப் போதுமா?

வெள்ளை பிளாஸ்டிக் உடம்பு, மேலே வட்டமான எடைத்தட்டு, முன்பக்கம் சின்னத் திரை, அதன் கீழே மூன்று பட்டன். ஆன்லைனில் சமையலறை எடை மெஷின் தேடிய எல்லாருக்கும் இந்த எஸ்எஃப்-400 கண்ணில் பட்டிருக்கும். இதை ஒரே நிறுவனம் விற்பதில்லை. ஒரே அச்சில் வரும் மெஷினைப் பலர் தங்கள் பெயரை ஒட்டி விற்கிறார்கள். அதனால் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. விலை பெரும்பாலும் 300 முதல் 500 ரூபாய்க்குள் முடிந்துவிடும். 1 கிராம் வரை காட்டும். இரண்டு ஏஏ பேட்டரி போட வேண்டும்.

வேலைக்கும் பள்ளிக்கும் ஓடுகிற நான்கு பேர் வீட்டில், ஒரே குழம்பை எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டு ஒருவரோ இருவரோ எடை குறைக்கப் பார்க்கும்போது, இந்த மெஷின் போதுமா? தாராளமாகப் போதும். ஆனால் பலர் பயன்படுத்துவது போலச் சாப்பாட்டுத் தட்டை அதன்மேல் வைத்து ஒவ்வொரு கவளத்தையும் எடை போடுவதற்கு இதை வாங்காதீர்கள். அந்தப் பழக்கம் ஒரு வாரம்கூடத் தாங்காது. மெஷினின் இடம் அடுப்பு மேடை. அளக்க வேண்டியவை எண்ணெய், தேங்காய், அரிசி, பருப்பு என்று நான்குதான். காய்கறியும் கீரையும் எவ்வளவு விழுந்தாலும் கணக்கு பெரிதாக மாறாது, அவற்றை விட்டுவிடலாம்.

எண்ணெயிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் கண்ணளவு அதிகம் ஏமாற்றுவது அங்கேதான். ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். ஒரு மேசைக்கரண்டி என்பது 15 மில்லி, அதாவது ஏறக்குறைய 14 கிராம், 120 கலோரிக்குச் சற்று மேல். நம் வீடுகளில் தாளிக்கும்போது யாரும் மேசைக்கரண்டி எடுப்பதில்லை. எண்ணெய்த் தூக்கைச் சாய்த்து ஒரு சுற்று விடுகிறோம். அந்த ஒரு சுற்று 12 கிராமாகவும் இருக்கலாம், 30 கிராமாகவும் இருக்கலாம்.

இதற்கு மெஷினில் அருமையான வழி இருக்கிறது. எண்ணெய்த் தூக்கை மெஷின்மேல் வைத்து டேர் பட்டனை அழுத்துங்கள். திரை பூஜ்யம் காட்டும். தூக்கை எடுத்து வழக்கம்போல வாணலியில் ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். மைனஸ் 22 என்று காட்டினால் 22 கிராம் ஊற்றியிருக்கிறீர்கள். கரண்டியும் அளவுக் கிண்ணமும் வேண்டாம், கழுவக் கூடுதலாக ஒரு பாத்திரமும் சேராது, நேரமும் பத்து நொடிக்கு மேல் ஆகாது. நெய் டப்பா, சர்க்கரை டப்பா, கடலைமாவு டப்பா எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

மைனஸ் முறையில் இன்னொரு லாபமும் உண்டு. மெஷின்மேல் கிண்ணத்தை வைத்து பூஜ்யமாக்கிவிட்டு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டால் சில சமயம் திரை அசையவே அசையாது. 8 கிராம் விழுந்திருக்கும், 3 என்று காட்டும். மெஷின் கெட்டுப்போகவில்லை. வெயில், காற்று, பேட்டரி காரணமாகப் பூஜ்யம் மெல்ல நகர்ந்துவிடாமல் இருக்க, மிகச் சிறிய மாற்றங்களைத் தானாகவே பூஜ்யத்தோடு சேர்த்துவிடும் ஏற்பாடு இவற்றில் இருக்கிறது. மெதுவாக விழும் எண்ணெயையும் அது அப்படியே எடுத்துக்கொள்கிறது. தூக்கை எடுத்துவிட்டு வைக்கும்போது எடை ஒரேயடியாக மாறுவதால் இந்தத் தவறு வராது. இதே காரணத்தால் உப்பு, மஞ்சள்தூள், ஈஸ்ட் போல 5 கிராமுக்குக் குறைவானவற்றை இதில் நம்பக்கூடாது. அவற்றுக்கு டீஸ்பூனே சரி.

சில மெஷின்களில் யூனிட் மாற்றும் பட்டனில் மில்லி என்றும் ஒன்று வரும். அதைத் தொடாதீர்கள். கிராமைத் தண்ணீர்க் கணக்கில் மில்லி என்று எழுதிக் காட்டுகிறதே தவிர, எண்ணெய் தண்ணீரைவிட லேசானது என்பது அதற்குத் தெரியாது. ஒரு லிட்டர் எண்ணெய்ப் பாக்கெட்டில் 910 கிராம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்த எண்ணெயை மெஷின் 910 மில்லி என்றே சொல்லும். எப்போதும் கிராமில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டன் கைபட்டு அவுன்ஸுக்கு மாறிவிட்டால் எண்கள் திடீரென்று சின்னதாகிவிடும், பயந்துவிட வேண்டாம்.

வீட்டுக்கு எவ்வளவு எண்ணெய் சரி? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களில், நாளுக்கு 2000 கலோரிக்கான தட்டில் கண்ணுக்குத் தெரியும் எண்ணெய், அதாவது சமையலில் நாம் ஊற்றுவது, 27 கிராம்.  நான்கு பெரியவர்கள் என்றால் நாளுக்கு 108 கிராம் எண்ணெய், மாதத்துக்கு மூன்றரை லிட்டர். உங்கள் வீட்டில் ஐந்து லிட்டர் கேன் இருபத்தைந்தாம் தேதியே காலியாகிறதா? அப்படியானால் அரிசியைக் குறைப்பதற்கு முன் இங்கேதான் கை வைக்க வேண்டும். ஒருவருக்கு நாளுக்கு 15 கிராம் குறைந்தாலே 135 கலோரி, யார் நாக்கும் கண்டுபிடிக்காது.

அடுத்தது தேங்காய். அரை மூடி துருவினால் 130 கிராம் பக்கம் வரும். 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 கலோரி என்று பார்த்தால் அரை மூடிக்கு 450. பொட்டுக்கடலை 30 கிராம், தாளிப்பு எண்ணெய் 10 கிராம் சேர்ந்தால் ஒரு கிண்ணம் சட்னி 650 கலோரி. நால்வர் பங்கிட்டால் ஆளுக்கு 160. நாற்பது கிராம் இட்லி ஒன்றில் 50 முதல் 60 கலோரிதான் என்பதால், மூன்று இட்லிக்கு நிகரான கலோரி சட்னியில் உட்கார்ந்திருக்கிறது. அதே கிண்ணத்தில் தேங்காயை 50 கிராமாக்கி, வதக்கிய தக்காளி வெங்காயமோ புதினா கொத்தமல்லியோ சேர்த்து அரைத்தால் அளவு குறையாது, கலோரி ஏறக்குறைய 40 சதவீதம் குறையும். தேங்காயை விட்டுவிடச் சொல்லவில்லை. துருவியதை 50 கிராம் பொட்டலங்களாக ஃப்ரீசரில் போட்டு வைத்தால் காலையில் கை தானாக அளவோடு நிற்கும்.

அரிசியில் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. இணையத்தில் சோற்றுக்குக் கலோரி தேடினால் 100 கிராமுக்கு 130 என்று கிடைக்கும். ஆனால் குக்கரில் குழைய வைத்த சோறும், வடித்த சோறும், காலையில் வைத்து மதியம் டப்பாவில் வறண்ட சோறும் ஒரே எடையில் ஒரே கலோரி அல்ல. வித்தியாசம் தண்ணீரில். அதனால் வேகவைக்காத அரிசியின் எடையைத்தான் அடிப்படையாகக் கொள்ள வேண்டும். 100 கிராம் அரிசிக்கு 350 கலோரி. 400 கிராம் போட்டால் 1400. வெந்தபின் சோறு 1150 கிராம் என்றால், உங்கள் வீட்டு முறையில் ஒரு கிராம் அரிசி 2.9 கிராம் சோறாகிறது. ஒரே அரிசி, ஒரே தண்ணீர் அளவு என்றால் இந்த எண் பெரிதாக மாறாது. இரண்டு மூன்று தடவை அளந்து அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள். பிறகு தட்டில் போட்ட 290 கிராம் சோறு என்பது 100 கிராம் அரிசி, 350 கலோரி என்று சொல்லிவிடலாம்.

சாமை, தினை, வரகு வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உலர்ந்த நிலையில் 100 கிராம் எடைக்கு அவற்றின் கலோரி அரிசியை ஒட்டியதுதான். நார்ச்சத்து கூடுதல், வயிறு சீக்கிரம் நிறையும், அதுதான் பயன். அளவைக் குறைக்காமல் அரிசியை மட்டும் மாற்றினால் எடை இறங்காது.

சாம்பார், கூட்டு, குருமாவுக்குப் பானைக் கணக்கு. வெறும் பாத்திரத்தின் எடையை ஒரே ஒரு முறை அளந்து அதே காகிதத்தில் எழுதுங்கள்: பெரிய குண்டா இவ்வளவு, சின்ன வாணலி இவ்வளவு, மூடி இல்லாத குக்கர் இவ்வளவு. சாம்பாரில் 150 கிராம் துவரம்பருப்பு 510 கலோரி, எண்ணெய் 15 கிராம் 135, காய்கறி 300 கிராம் 90, புளியும் மற்றவையும் 40. மொத்தம் 775. வெந்தபின் பாத்திரத்தோடு எடை போட்டு, பாத்திர எடையைக் கழித்தால் 1500 கிராம். ஆக 100 கிராம் சாம்பாருக்கு 52 கலோரி. ஒரு குழிக்கரண்டிக்கு எத்தனை கிராம் என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால், பரிமாறும்போது மெஷினே வேண்டாம், கரண்டிக் கணக்கு போதும். சாம்பாரைத் தாராளமாக விட்டுக்கொள்ளலாம் என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

பானையை எடை போடும்போதுதான் எஸ்எஃப்-400-இன் குறைகள் தெரியவரும். திரை எடைத்தட்டுக்குக் கீழே தாழ்வாக இருப்பதால், அகலமான பாத்திரம் வைத்தால் எண் மறைந்துவிடும். குனிந்து பார்த்தாலும் தெரியாது. கூடவே அடுப்பிலிருந்து இறக்கிய சூடு நேராக இறங்கினால் பிளாஸ்டிக் வளையும், உள்ளே இருக்கும் சென்சாரின் அளவும் நகரும். இரண்டுக்கும் ஒரே மருந்து பிரிமணை. தேங்காய் நாரில் திரித்த பிரிமணையை எடைத்தட்டில் வைத்து டேர் அழுத்திவிட்டுப் பாத்திரத்தை வையுங்கள். பாத்திரம் உயரும், திரை தெரியும், சூடும் இறங்காது. கம்பிப் பிரிமணை வேண்டாம், அது சூட்டைக் கடத்தும். ஆனாலும் கொதித்துக்கொண்டிருக்கும் குக்கரை வைக்காமல் ஐந்து நிமிடம் ஆறவிடுவது நல்லது.

இரண்டாவது குறை, ஓரிரு நிமிடம் எடை மாறாமல் இருந்தால் மெஷின் தானாக அணைந்துவிடும், டேர் செய்ததும் போய்விடும். வெங்காயம் வதக்கிக்கொண்டே பொருள் பொருளாகச் சேர்ப்பவர்களுக்கு இது எரிச்சல்தான். பாத்திர எடைக் காகிதம் இருந்தால் இந்தப் பிரச்சினை பாதி தீர்ந்தது. மூன்றாவது, தட்டுக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. மாவோ தண்ணீரோ அதில் இறங்கும், கரப்பான் பூச்சியும் நுழையும். குழாயடியில் கழுவக்கூடாது, ஈரத்துணியால் துடைத்து, இரவில் மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். மிக்ஸி ஓடும் மேடையிலும் ஃபேன் காற்றுக்கு நேராகவும் எண் நிற்காமல் ஆடும். நாலு காலும் சமமாகப் பதியாத கடப்பைக்கல்லிலும் அப்படித்தான்.

கண்ணாடித் தட்டு மாடல்கள் துடைக்க எளிது, மேசையில் அழகாகவும் இருக்கும். ஆனால் மெலிதானவற்றில் பெரும்பாலும் நாணய வடிவ பேட்டரி. அவசரத்துக்குத் தெருமுனைக் கடையில் கிடைக்காது, ஏஏ எங்கேயும் கிடைக்கும். செயலியோடு இணையும் ப்ளூடூத் மாடலுக்கு இரண்டு மூன்று மடங்கு விலை கொடுப்பதில் அர்த்தமில்லை. நம் வீட்டுப் புளிக்குழம்புக்கு எந்தச் செயலியும் சரியான கலோரி சொல்லாது, அலமாரிக் கதவுக் காகிதம் சொல்லும். பெட்டியில் 10 கிலோ என்று போட்டிருப்பதைப் பார்த்தும் மயங்க வேண்டாம், 5 கிலோ தாங்கினால் நான்கு பேர் சமையலுக்குப் போதும். டேர் செய்த பாத்திர எடையும் அந்த 5 கிலோவுக்குள்தான் அடங்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

குழந்தைகளின் தட்டை எடை போடாதீர்கள், அவர்கள் காதில் விழக் கலோரி எண்ணவும் வேண்டாம். வளரும் வயதில் சாப்பாட்டைப் பார்த்துப் பயம் வந்துவிட்டால் அதைப் போக்குவது மிகவும் கஷ்டம். உணவைப் பற்றி ஓயாத பதற்றம் உள்ள பெரியவர்களுக்கும் இந்த மெஷின் ஆகாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் சாப்பாட்டின் அளவைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். அவர்களுக்கு அரிசி எடை தெரிந்திருப்பது பெரிய உதவி.

வாங்கியவுடன், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இரண்டு சோதனை செய்துவிடுங்கள். பத்து ரூபாய் நாணயங்கள் பத்து எடுத்து அடுக்கி வைத்தால் 77 கிராம் காட்ட வேண்டும், ஒன்று கூடக் குறைய இருக்கலாம். அடுத்து, பிரிக்காத ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை நடுவில் ஒருமுறை, நாலு ஓரத்திலும் ஒவ்வொரு முறை வைத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் எண் ஒன்றுபோல இருக்க வேண்டும். கவர் எடைக்காகச் சில கிராம் கூடுவது சரி, ஆனால் இடத்துக்கு இடம் ஐந்து கிராமுக்கு மேல் மாறினால் பேட்டரியை மாற்றி இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் மாறினால் தயங்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.